முதலைகளின் உறவுமுறை: எலும்பு ஒன்று சொல்ல, மரபணு வேறொன்று சொன்னால்?

பாம்பனைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தாத்தா தலைமன்னாருக்குத் தோணியில் போய்வந்த காலத்தில், மன்னார்ப் பக்கத்துக் களப்புகளில் செம்மூக்கன் என்ற முதலையைப் பார்த்ததாகச் சொல்வாராம். அண்மையில் அமராவதி அணை முதலை ஒன்றின் படம் கைபேசியில் வந்தபோது, மீன் இறங்குதளத்தில் இருந்தவர்கள் இரண்டும் ஒரே முதலைதான், உப்புத் தண்ணீரில் கிடந்தால் செம்மூக்கன், அணைத் தண்ணீரில் கிடந்தால் சாதாரண முதலை என்று வாதிட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், உலகத்து முதலைகளில் எது எதற்குச் சொந்தம் என்பதை எலும்பைப் பார்த்து முடிவு செய்கிறார்களா, மரபணுவைப் பார்த்தா, இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்பது அவருடைய கேள்வி. விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்று மண்டபத்தில் வசிக்கும் எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான பொருள் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. அமராவதி அணையில் இருப்பது சதுப்புநில முதலை. தாத்தா பார்த்தது உவர்நீர் முதலை. இரண்டும் வெவ்வேறு இனங்கள். இலங்கையில் இரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல், மோயாறு, கொள்ளிடம் ஆகிய இடங்களில் இன்று இயற்கையாக வாழ்வது சதுப்புநில முதலை மட்டுமே. உவர்நீர் முதலை ஒருகாலத்தில் தென்னிந்தியக் கரையிலும் இருந்து மறைந்துவிட்டது. இந்தியாவில் இப்போது ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் ஆகியவை அதன் இருப்பிடங்கள். சங்கப் பாடல்களில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருவதையும், உரைகாரர்கள் அவற்றை முதலையின் வகைகள் என்று கொள்வதையும் பார்க்கும்போது, நம் முன்னோர் நீரில் கிடந்த எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணவில்லை என்று தோன்றுகிறது. எந்தச் சொல் எந்த இனத்துக்கு என்று இன்று பொருத்திக் காட்டுவது வீண் முயற்சி. ஆனால் வேறுபாட்டைக் கண்ட கண்கள் இருந்திருக்கின்றன.

வாழும் தண்ணீரை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது என்பதை இறங்குதளத்தில் வாதிட்டவர்களுக்குச் சொல்லுங்கள். சதுப்புநில முதலையும் இலங்கையின் உவர்க் களப்புகளில் கிடக்கும். உவர்நீர் முதலையும் ஆற்றில் வெகுதூரம் உள்ளேறி நன்னீரில் வாழும். பார்க்க வேண்டிய இடம் பிடரி. சதுப்புநில முதலையின் தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், பெரும்பாலும் நான்கு தடித்த செதில் தகடுகள் வரிசையாக எழுந்து நிற்கும். உவர்நீர் முதலைக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது மிகச் சிறிய செதில்களே இருக்கும். முகத்தைப் பார்த்தால், சதுப்புநில முதலையின் மூக்கு அகன்று குட்டையாக இருக்கும். உவர்நீர் முதலைக்கோ கண்ணுக்கு முன்னிருந்து மூக்கின் நடுவரை இரண்டு மேடுகள் ஓடும். முட்டையிடும் முறையும் வேறு: ஒன்று மண்ணில் குழி தோண்டிப் புதைக்கும், மற்றொன்று புல்லையும் இலைதழையையும் குவித்து மேடு கட்டி அதனுள் இடும்.

இனங்களைப் பிரித்தறிவது ஒரு வேலை. அவற்றின் உறவைக் கண்டறிவது வேறு வேலை. பிடரித் தகடு முதல் வேலைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. கீழக்கரைச் சங்குக் குளியாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆயிரமாயிரம் இடம்புரிச் சங்குகளுக்கிடையே அரிதாக ஒரு வலம்புரி கிடைக்கிறது. அதன் விலையும் மதிப்பும் வேறு. ஆனால் அது தனி இனம் அன்று, இடம்புரிச் சங்கின் வயிற்றில் பிறந்து சுருள் திசை மாறிப்போன ஒன்றே. கண்ணைப் பறிக்கும் ஓர் அடையாளம் சில சமயம் உறவைப் பற்றி எதையுமே சொல்லாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் வலை இழுத்தவர் எவரும் ஆவுளியா என்ற கடற்பசுவையும் ஓங்கில் என்ற டால்பினையும் அறிவார். இரண்டுக்கும் முன்னங்கால் துடுப்பாகியிருக்கிறது, பின்னங்கால் இல்லை, வால் கிடையாக விரிந்திருக்கிறது. இரண்டும் மூச்சு வாங்க மேலே வருகின்றன. ஆயினும் ஆவுளியாவுக்கு நெருங்கிய சொந்தம் யானை. ஓங்கிலுக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை. ஆவுளியாவின் பால்காம்பு யானைக்கு இருப்பதைப் போலவே முன்னங்கால் இடுக்கில் இருப்பதைக் கவனித்தவர்கள் மரபணுச் சோதனை வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொந்தத்தை ஊகித்தார்கள். ஒரே தொழில் செய்யும் உடல்கள் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. தொழிலுக்குத் தொடர்பில்லாத மூலையில்தான் பரம்பரை ஒளிந்திருக்கிறது. முதலைகளின் கதையில் இந்தச் சிக்கல் மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

உடற்கூற்றை வைத்து உறவு சொல்பவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். மண்டையோட்டில் எந்த எலும்பு எந்த எலும்பைத் தொடுகிறது, உள்நாசித் துளை எங்கே திறக்கிறது, தாடையின் எந்தக் குழியில் எந்தப் பல் அமர்கிறது, முதுகுத் தகடுகள் எத்தனை வரிசை என்று நூற்றுக்கணக்கான கூறுகளை இனம் இனமாகக் குறித்து வைக்கிறார்கள். அவற்றுள் பழைய மூதாதையிடமிருந்து எல்லாருக்கும் வந்த கூறுகளை ஒதுக்கி, புதிதாகத் தோன்றிச் சிலருக்கு மட்டும் பொதுவாக உள்ளவற்றைத் தேடுகிறார்கள். எல்லா முதலைகளுக்கும் நான்கு அறை இதயம் இருக்கிறது என்பது அவற்றுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதைச் சொல்லாது. அமெரிக்காவிலும் சீனாவிலும் வாழும் அலிகேட்டர் என்ற முதலை வகையில் கீழ்த்தாடையின் நான்காம் பல் வாயை மூடினால் மேல்தாடைக் குழிக்குள் மறைகிறது. சதுப்புநில முதலையும் உவர்நீர் முதலையும் அடங்கிய குரோக்கோடைலஸ் பேரினத்து முதலைகளில் அது வெளியே தெரிகிறது. மென்மையான உறுப்புகளும் இங்கே கணக்கில் வரும். குரோக்கோடைலஸ் முதலைகளின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் வேலை செய்கின்றன என்று 1981இல் டாப்ளின், கிரிக் ஆகிய இருவரும் காட்டினார்கள். அலிகேட்டர்களில் அப்படி வேலை செய்யும் சுரப்பி இல்லை. குரோக்கோடைலஸ் முதலைகளுக்கு உடல் முழுவதும் செதில்களில் சிறு உணர்புள்ளிகளும் உண்டு. அலிகேட்டர்களுக்கு அவை தாடையைச் சுற்றி மட்டுமே உள்ளன.

எலும்புக்கு மரபணுவிடம் இல்லாத ஒரு பெருமை உண்டு: அது காலத்தைக் கடந்து நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த முதலையின் மரபணு நமக்குக் கிடைப்பதில்லை, அதன் மண்டையோடு கிடைக்கிறது. இன்று உயிரோடு இருப்பவை 30க்கும் குறைவான இனங்கள்தான். அழிந்தவை அவற்றைப்போலப் பல மடங்கு. உறவினர் பலர் இறந்துபோன குடும்பத்தில் மிஞ்சிய நான்கு பேரை மட்டும் விசாரித்து முழுப் பரம்பரையையும் எழுதிவிட முடியாது அல்லவா?

மரபணு வழி வேறு. டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன மிக நீண்ட வரி. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போது எங்கோ ஓர் எழுத்து மாறுகிறது, மாறிய எழுத்து பிள்ளைகளுக்குப் போகிறது. இரண்டு இனங்களின் வரிகளை எழுத்துக்கு எழுத்து நிரைப்படுத்தி வைத்து, எந்த மாற்றங்கள் யார் யாருக்குப் பொதுவாக உள்ளன என்று பார்த்துக் கிளைகளை வரைகிறார்கள். மரத்தின் வேர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வெளியிலிருந்து ஓர் உறவினர் வேண்டும். முதலைகளுக்கு அந்த உறவினர் பறவைகள். ஆம், இன்று வாழும் உயிர்களில் முதலைக்கு மிக நெருங்கிய சொந்தம் பல்லியோ ஆமையோ இல்லை, நம் முற்றத்துக் காகமும் கோடியக்கரைக்கு வரும் பூநாரையும்தான். ஆயினும் இரு கிளைகளும் பிரிந்து சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. வேர் காட்டுவதற்கு இவ்வளவு தொலைவான உறவினரே கிடைப்பது ஒரு சங்கடம். அதைச் சமாளிக்க மிக நீண்ட வரிகளும் கவனமான கணக்கும் தேவைப்படுகின்றன.

மரபணு என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு ஆவணங்களை ஒன்றாக்கிவிடுகிறோம். நம் மாவட்டத்தில் சில சமூகங்களில் கிளை என்பது தாய்வழியாக வருவதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைக்குத் தாயின் கிளைதான், ஒரே கிளைக்குள் மணம் செய்வதில்லை. உயிரணுவுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யும் இப்படித்தான்: தாயிடமிருந்து மட்டுமே வரும். பிரித்தெடுக்க எளிது, பழைய எலும்பிலும் தோலிலும் தாங்கி நிற்கும், ஆகவே தொடக்க காலத்து ஆய்வுகள் பலவும் அதையே நம்பின. ஆனால் ஒருவருடைய கிளையை மட்டும் தெரிந்துகொண்டு அவருடைய தந்தைவழித் தாத்தா யார் என்று சொல்ல முடியாது. உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இரு பெற்றோரிடமிருந்தும் வருகிறது. முழுக் குடும்பத்தின் கதை அதில்தான் இருக்கிறது. கியூபா தீவில் கியூபா முதலையும் அமெரிக்க முதலையும் இயற்கையிலேயே கலக்கின்றன. அங்குள்ள அமெரிக்க முதலைகளின் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்தால், கண்டத்தில் வாழும் தம் இனத்தாரைவிடக் கியூபா முதலைக்கே அவை நெருக்கமாகத் தெரிகின்றன. தாய்வழி ஆவணத்தை மட்டும் படித்தவர் இங்கே எளிதில் வழிதவறுவார்.

இனி, எலும்பும் மரபணுவும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கங்கை, சம்பல் ஆறுகளில் வாழும் சொம்புமூக்கு முதலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முரல் மீனின் அலகைப் போல ஒடுங்கி நீண்ட தாடை, 100க்கும் மேற்பட்ட ஊசிப் பற்கள், வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்ததுபோன்ற ஒரு குமிழ். மலேயா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளில் டோமிஸ்டோமா என்று இன்னொரு நீள்மூக்கு முதலை இருக்கிறது. பார்த்தவுடன் இரண்டும் அண்ணன் தம்பி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எலும்பு படித்தவர்கள் கூடாது என்று தடுத்தார்கள். நீண்ட மூக்கு என்பது மீன் பிடிக்கும் தொழிலின் கருவி. தண்ணீரில் தலையைப் பக்கவாட்டில் வீசும்போது எதிர்ப்புக் குறைவாக இருக்க வேண்டுமென்றால் தாடை ஒடுங்கித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரேலிய நன்னீர் முதலைக்கும், ஆப்பிரிக்காவின் மெலிமூக்கு முதலைக்கும் கூட இதே போக்கில் மூக்கு ஒடுங்கியிருக்கிறது, அவை சொம்புமூக்கனுக்கு நெருங்கிய சொந்தம் அல்ல. ஆகவே மூக்கை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள் என்றார்கள். நாசி எலும்பு டோமிஸ்டோமாவில் முன்தாடை எலும்பைத் தொடுகிறது, சொம்புமூக்கனில் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மற்ற முதலைகளில் மூளைப் பெட்டிப் பகுதி வளர வளர மேலிருந்து கீழாக ஆழமடைகிறது; சொம்புமூக்கனில் அது அவ்வளவு ஆழமாவதில்லை, மிகப் பழைய முதலைகளின் சாயலிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் எடைபோட்டு, சொம்புமூக்கன் மற்ற எல்லாருக்கும் முன்பே பிரிந்துபோன தனிக் கிளை, அலிகேட்டரும் டோமிஸ்டோமாவும் சதுப்புநில முதலையும் ஒரு பக்கம், அது மட்டும் மறுபக்கம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

நான் சற்று முன் ஆவுளியாவையும் ஓங்கிலையும் காட்டிச் சொன்ன எச்சரிக்கையைத்தான் அவர்களும் கடைப்பிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய முறையில் பிழை இல்லை. ஆயினும் முடிவு தவறிப்போனது.

1983இல் டென்ஸ்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதலைகளின் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, சொம்புமூக்கனும் டோமிஸ்டோமாவும் மிக நெருங்கியவை என்று வெளியிட்டார். பலர் ஏற்கவில்லை; புரதத்தில் மாற்றம் மெதுவாக நடந்திருக்கலாம் என்று ஒதுக்கினார்கள். பின்னர் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தார்கள், அதே விடை. தாய்வழி ஆவணம் மட்டும் போதாது என்று கேட்டவர்களுக்காக உட்கரு மரபணுவைப் படித்தார்கள். 2003இல் ஹார்ஷ்மன் குழுவினர் வெளியிட்ட அந்த ஆய்விலும் அதே விடை. சொம்புமூக்கனும் டோமிஸ்டோமாவும் உடன்பிறந்த கிளைகள். அவ்விரண்டும் சேர்ந்து குரோக்கோடைலஸ் முதலைகளுக்கு நெருக்கம். அலிகேட்டர்கள்தான் முதலில் பிரிந்துபோனவை. தனித்தனியாகப் பிறந்த சாட்சிகள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே வாக்குமூலம் கொடுத்தால் அதைத் தட்ட முடியாது. என் கணிப்பில் மரபணுவின் பலம் இதுதான்: ஒரு மரபணு சொன்னது என்பதற்காக நம்ப வேண்டாம், மூக்கின் நீளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பல மரபணுக்கள் தனித்தனியே ஒரே கிளையை வரைகின்றன என்பதற்காக நம்பலாம்.

அப்படியானால் எலும்பு பொய் சொன்னதா? எலும்பு பொய் சொல்லவில்லை, படித்தவர்கள் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தார்கள். சொம்புமூக்கனின் பழைய சாயல் முன்னோரிடமிருந்து மாறாமல் வந்தது என்று எண்ணினார்கள். உண்மையில் அதன் முன்னோர் ஒருமுறை மாறி, பின்னர் அந்த மாற்றம் திரும்பிப் பழைய நிலைக்கே வந்திருக்கிறது. பட்டணத்தில் மாடி வீட்டில் வாழ்ந்து திரும்பியவர் கட்டிய குடிசைக்கும், ஊரை விட்டே போகாதவரின் குடிசைக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது. பல கூறுகள் ஒன்றாகத் திரும்பும்போது அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் மூக்கு நீண்டு கபாலம் தட்டையாகும் ஒரே வளர்ச்சி மாற்றத்தின் பல விளைவுகளாக அவை இருக்கலாம், அப்போது பத்துச் சாட்சிகள் இருப்பதாக நாம் எண்ணும் இடத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது.

இதோடு வழக்கு முடியவில்லை. எலும்புக்காரர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மரபணுக்காரர்களிடம் விடை இல்லாமல் இருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் இறுதியில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், தோராக்கோசாரஸ் என்ற நீள்மூக்கு முதலை இருந்தது. அது சொம்புமூக்கனின் முன்னோர் வரிசையைச் சேர்ந்தது என்றே எல்லாரும் கொண்டிருந்தார்கள். அப்படியானால் சொம்புமூக்கன் கிளை அப்போதே பிரிந்திருக்க வேண்டும். மரபணுக் கணக்கோ, டோமிஸ்டோமாவிடமிருந்து அது பிரிந்தது அதற்கு வெகுகாலம் பின்னால் என்கிறது. 2018இல் லீ, யேட்ஸ் ஆகிய இருவரும் மரபணு, எலும்பு, புதைபடிவத்தின் வயது ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். விடை வந்தது: தோராக்கோசாரஸ் சொம்புமூக்கனின் முன்னோரே அன்று, மீன் தின்னும் தொழிலால் அதே முகம் பெற்ற ஒரு பழைய கிளை, சொம்புமூக்கனும் டோமிஸ்டோமாவும் பிரிந்தது சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன். 2021இல் ரியோ, மேனியன் இருவரும் மரபணுவைத் தொடாமலே, 330 உடற்கூற்றுக் கூறுகளைப் புதிதாக வரையறுத்துக் குறித்துப் பார்த்தபோது, எலும்பு மட்டுமே கூட அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. அடுத்த ஆண்டு தென்சீனாவின் ஹான்யூசூக்கஸ் வெளிவந்தது. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, மனிதர்களின் கோடரி வெட்டுத் தடங்களை எலும்பில் தாங்கி, பின்னர் அழிந்துபோன அந்தப் பெரிய முதலையில் சொம்புமூக்கனின் கூறுகளும் டோமிஸ்டோமாவின் கூறுகளும் கலந்திருக்கின்றன. இடையிலிருந்த உறவினரை மனிதர் கைகளே ஒழித்திருக்கக்கூடும் என்பதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

மரபணு எலும்புக்குத் தெரியாமல் இருந்த இனங்களையும் கண்டுபிடித்திருக்கிறது. ஆப்பிரிக்கா முழுவதும் வாழ்வது ஒரே நைல் முதலை என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1807இல் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் எகிப்தின் பாடம் செய்த முதலை உடலைப் பார்த்து இதில் இன்னொரு இனம் இருக்கிறது, பெயர் சூக்கஸ் என்று எழுதியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011இல் ஹெக்காலா குழுவினர் உயிருள்ள முதலைகளின் டி.என்.ஏ.வோடு எகிப்தியப் பாடம் செய்த முதலைகளின் டி.என்.ஏ.வையும் படித்து, அவர் சொன்னது சரியே என்று நிறுவினார்கள். குரோமோசோம் எண்ணிக்கையே வேறு: நைல் முதலைக்கு 32, சூக்கஸுக்கு 38. இதைவிட வியப்பு, நைல் முதலைக்கு நெருங்கிய சொந்தம் அதே கண்டத்துச் சூக்கஸ் அன்று, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள அமெரிக்க நாட்டுக் குரோக்கோடைலஸ் இனங்கள். அதாவது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து புறப்பட்ட முதலைகள் கடலைக் கடந்து அங்கே குடியேறியிருக்கின்றன.

கடலைக் கடப்பதா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீரோட்டம் அறிந்த கரையில் பிறந்தவர். நாக்கில் உப்புச் சுரப்பி உண்டு என்றேனே, அதன் பயன் இங்கே. ஆஸ்திரேலியாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஓர் உவர்நீர் முதலை 25 நாளில் 590 கிலோமீட்டர் போனது. அவை ஓயாமல் நீந்துவதில்லை. ஓட்டம் சாதகமாக இருக்கும்போது அதில் மிதந்து போய், எதிராகத் திரும்பியதும் கரையொதுங்கிக் காத்திருக்கின்றன. நம் ஆட்கள் பாய்த்தோணியில் வாடையும் சோழகமும் பார்த்துப் போனதற்கு இது நெருங்கிய சொந்தம்தான். அலிகேட்டருக்கு அந்தச் சுரப்பி இல்லை. அது அமெரிக்காவில் ஓரினம், சீனாவில் ஓரினம் என்று நன்னீரோடு நின்றுவிட, குரோக்கோடைலஸ் வெப்பமண்டலக் கடல்கள் எல்லாவற்றின் கரையிலும் பரவியதற்கு நாக்கின் அந்தச் சிறு சுரப்பி ஒரு காரணம். ஆகவே உறவு மரம் வரைவதை வெறும் வம்சாவளி எழுதுவதாக நினைக்க வேண்டாம். யார் எப்படி எங்கே வந்தார்கள் என்ற பயணக் கதையும் அதில் இருக்கிறது.

எலும்பு முந்திக்கொண்ட இடமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நியூகினித் தீவின் நடுவே உயர்ந்த மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் வடக்கிலும் தெற்கிலும் வாழும் முதலைகள் வெவ்வேறு பருவத்தில் முட்டையிடுவதை 1980களில் பிலிப் ஹால் கவனித்தார். பின்னர் முர்ரே குழுவினர் மண்டையோடுகளை அளந்து, தெற்கில் உள்ளவை தனி இனம் என்று 2019இல் நிறுவி, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அங்கே வேறுபாட்டை உரக்கச் சொன்னவை கூடும் மண்டையோடும்தான்.

மடகாஸ்கரில் அழிந்துபோன கொம்பு முதலையான வோயின் கதை இதற்கு எதிர்த்திசை. மண்டையோட்டைப் பார்த்தவர்கள் அதை ஆப்பிரிக்கக் குள்ள முதலைகளோடு சேர்த்தார்கள். 2021இல் அதன் எலும்பிலிருந்தே பழைய டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தபோது, அது குரோக்கோடைலஸ் குழு முழுமைக்கும் உடன்பிறந்த கிளை என்று தெரிந்தது.

மரபணுவின் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலைகளின் டி.என்.ஏ. மிக மெதுவாக மாறுகிறது. 2014இல் அமெரிக்க அலிகேட்டர், உவர்நீர் முதலை, சொம்புமூக்கு முதலை மூன்றின் முழு மரபணுத் தொகுதிகளும் வெளியானபோது, அலிகேட்டருக்கும் உவர்நீர் முதலைக்கும் சுமார் 93 சதவீதம் ஒத்திருப்பது தெரிந்தது. இவை பிரிந்து 8, 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதருக்கும் மக்காக் குரங்குக்கும் ஏறத்தாழ அதே அளவு ஒற்றுமைதான், ஆனால் அவர்கள் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளே ஆகின்றன. எத்தனை எழுத்து மாறியது என்பதை மரபணு சொல்லும். அந்த மாற்றத்துக்கு எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை, வயது தெரிந்த புதைபடிவத்தை வைத்தே கணக்கிட முடியும். மெதுவாக ஓடும் கடிகாரத்தை வேகமாக ஓடுவதாக எண்ணிப் படித்தால் கோடி ஆண்டுகள் காணாமல் போகும். ஆதலால்தான் எலும்பா மரபணுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன். யார் யாருக்குச் சொந்தம் என்பதில் இருவரும் முரண்பட்டால், பல உட்கரு மரபணுக்கள் ஒருமித்துச் சொல்வதன் பக்கம் நான் சாய்வேன். எப்போது, எங்கே, இடையில் யார் இருந்து மறைந்தார்கள் என்று கேட்டால் எலும்பிடமே போவேன்.

உங்கள் தாத்தாவின் செம்மூக்கனுக்கும் அமராவதி முதலைக்கும் இனி வருவோம். மரபணு மரத்தில் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, தாய்லாந்து கம்போடியாப் பக்கத்துச் சயாம் முதலை ஆகிய மூன்றும் ஒரே சிறு கிளையில் அமர்கின்றன. அந்தக் கிளைக்குள்ளும் சதுப்புநில முதலைக்கு நெருக்கம் சயாம் முதலைதான். குரோமோசோம்களை எண்ணினாலும் அந்த இரண்டுக்கும் 30, உவர்நீர் முதலைக்கு 34. ஆக, இறங்குதளத்து வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு: அவை ஒரே இனம் அல்ல என்றாலும் நெருங்கிய பங்காளிகள்தான். நெருக்கம் எவ்வளவு என்றால், தாய்லாந்துப் பண்ணைகளில் உவர்நீர் முதலையையும் சயாம் முதலையையும் கலந்து வளர்த்ததில் குட்டிகள் பிறந்து, அவையும் மேலும் குட்டி ஈனுகின்றன. தோற்றத்தை வைத்துக் கலப்பைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், சயாம் முதலையைக் காட்டில் விடுவதற்கு முன் மரபணுச் சோதனை செய்து தூய இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உறவு ஆராய்ச்சி ஒரு விலங்கின் பிழைப்போடு நேராகத் தொடர்புபடும் இடம் இது.

நீங்கள் அனுப்பிய படத்தில் பிடரியில் நான்கு தகடுகள் தெளிவாகத் தெரிகின்றன, மூக்கும் அகலம். அது சதுப்புநில முதலையே, ஐயம் வேண்டாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், நடுவில் மணல் திட்டுகளும் உண்டு. ஆகவே செம்மூக்கன் ஒன்று ஒருநாள் நம் கரையில் ஒதுங்கினால் நான் பெரிதாக வியப்படைய மாட்டேன். அப்படி எதையாவது பார்த்தால் நெருங்காதீர்கள், வலை வீசாதீர்கள். தள்ளி நின்று தலையும் பிடரியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். சட்டப்படியும் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. இனம் எது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். அது மன்னார்க் களப்பிலிருந்து வந்ததா, ஒடிசாவிலிருந்து கரையோரமாக இறங்கியதா, அந்தமானிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வந்ததா என்பதைப் படம் சொல்லாது; அதற்கு, வனத்துறையினர் அதைப் பிடித்து இடம் மாற்றும்போது வால் செதிலிலிருந்து நகக்கண் அளவு ஒரு துண்டை எடுத்து வைத்து, மூன்று இடத்து முதலைகளின் டி.என்.ஏ.வோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.